பாய்க்கு அடியில் ஓர் அடுப்பு

பிற்பகல் ஒன்று இருபது. அந்த நேரத்தை நான் மறக்காமல் இருப்பதற்கு என் போன்தான் காரணம். ஹபரணைப் பக்கமிருந்து வரவேண்டிய ஒரு வேன்காரர், தன்னோடு வரும் ஆறு பேரும் பத்து நிமிடம் பிந்துவார்கள், மீன் குழம்பை ஆறவிட வேண்டாம் என்று சொல்ல எடுத்த அழைப்பு இன்னும் அதில் இருக்கிறது. அழிக்க மனம் வரவில்லை. "சரி தம்பி, அவசரமில்ல, ஆறுதலா வாங்க" என்று நான் சொல்லி முடிக்கும் முன்பே பின்பக்கத்தில் சமையல்கார அக்கா "கிந்தர! கிந்தர!" என்று கத்தினார். நெருப்பைச் சிங்களத்தில் அப்படித்தான் சொல்வார்கள். அடுப்பு மூட்டும்போது அவர் தினமும் இருபது தடவை சொல்லும் சொல். அன்று அது வேறு குரலில் வந்தது.

அந்த நேரத்தில், நெருப்புப் பிடித்த குடிலுக்கு முப்பது நாற்பது அடி தள்ளி, எங்கள் வீட்டு உள்ளறையில், முத்துமாரியம்மன் படத்துக்குப் பின்னால் ஒரு நீள உறை இருந்தது. அதன் மூலையில் மஞ்சள் பொட்டு. ஒட்டியது ஒட்டியபடியே, யாரும் பிரிக்காமல். எங்கள் கடையின் காப்புறுதிப் பத்திரம் அது. அதை அனுப்பி வைத்தவரைப் பற்றி எழுத வேண்டும் என்று மூன்று வாரமாக நினைக்கிறேன். எழுதினால் மனம் அமரும் என்ற நம்பிக்கை எதுவும் இல்லை. எழுதாமல் இருக்கவும் முடியவில்லை.

அவரை நாங்கள் நானா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவோம். மாத்தளை டவுன் முஸ்லிம் மனிதர், காப்புறுதி முகவர். சீகிரியாவுக்குப் போகும் வழியில் நானும் என் கணவரும் ஒரு சாப்பாட்டுக் கடை போட்ட முதல் வருடம், நாங்கள் கூப்பிடாமலே வந்து நின்றார். நான் அதற்கு முன் இரத்தோட்டைக்கு மேலே ஒரு தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவள். கடை நடத்துவது பற்றி எங்கள் இருவருக்கும் ஒன்றும் தெரியாது. தெரியாது என்பதும் தெரியாது. நானா வந்து உட்காராமல், தேத்தண்ணி வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, கறுப்புக் குடையை ஊன்றிக்கொண்டு கடையைச் சுற்றி நடந்தார். கேஸ் சிலிண்டரின் டியூப்பை இரண்டு விரலால் மடித்துப் பார்த்தார். கூரையில் கை வைத்தார். கிணறு எத்தனை அடி தூரம் என்று காலால் அளந்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து ஒரு கொப்பித் தாளை எடுத்து, கடையின் படத்தைத் தன் கையாலேயே வரைந்தார். எல்லாம் முடிந்த பிறகுதான் உட்கார்ந்து, கித்துள் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு பிளேன்டீ குடித்தார்.

அதுவே வழக்கமாகிவிட்டது. ஒவ்வொரு வருடமும் ஆனி மாதத்தில், வெள்ளைக்காரர் வரும் சீசன் தொடங்குவதற்கு முன்னால், மாத்தளை பஸ்ஸில் வந்து, சந்தியில் இறங்கி, இன்னொரு பஸ் பிடித்து வருவார். வாசலில் நின்றபடியே ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

"சரி தங்கச்சி, போன வருஷத்துக்குப் பொறகு என்ன புதுசா ஈக்கி?"

புதிதாக இருப்பதை எல்லாம் நாங்கள் காட்ட வேண்டும். ஒரு ஃபிரிட்ஜ், ஒரு மின்விசிறி, பின்னால் இறக்கிய ஒரு தாழ்வாரம். அவர் தன் பழைய படத்தை விரித்து அதில் புதியதைச் சேர்ப்பார். என் கணவருக்கு இது வேடிக்கை. "நானா வந்தா வீட்டுக்கு மாமியார் வந்த மாதிரி" என்று முகத்துக்கு நேராகவே சொல்வார். "மாமியார் கறியில உப்பு பாப்பா. நான் கேஸ் டியூப்ப மட்டுந்தான் பாக்கிறேன். நான் பரவால்ல" என்பார் நானா. சிரிக்கும்போதும் அவர் கண் கூரையில்தான் இருக்கும். அவர் தேத்தண்ணி முழுவதையும் குடித்தால் எல்லாம் சரி. எங்கோ மனம் உறுத்தினால் கோப்பையில் பாதி மீதி இருக்கும். இதை நாங்கள் இரண்டாம் வருடமே கண்டுபிடித்துவிட்டோம். பாதி மீதி இருந்தால் என் கணவர், "சொல்லுங்க நானா, எது?" என்று கேட்பார். நானாவும் சொல்லிவிடுவார்.

எங்கள் தொழில் வருடத்தில் பாதிநாள் நடக்கும், பாதிநாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடக்கும். ஆடி ஆவணியில் யானைக் கூட்டம் பார்க்கவும் மலை ஏறவும் வருகிறவர்களால் இலை போட இடமிருக்காது. ஐப்பசி கார்த்திகையில் மழையும் நாங்களும் மட்டும். மறுபடி மார்கழி தொடங்கி மாசி வரை சனம் வரும். சித்திரை வெயிலில் ரோட்டில் ஒரு நாய்கூட நடக்காது. இந்த ஏற்ற இறக்கத்தை எப்படிக் கடப்பது என்று நானாதான் எங்களோடு உட்கார்ந்து பேசியவர். மழைக்காலத்தில் கேஸ் சிலிண்டர்களைத் திருப்பி அனுப்பிவிடச் சொன்னார். கூரை வேலையைச் சீசன் முடிந்த கையோடு செய்யச் சொன்னார். "காப்புறுதிங்கிறது குடை இல்ல தங்கச்சி. நனைஞ்ச பொறகு தலை தொடைக்கிற துண்டு. குடைய நீங்கதான் புடிக்கணும்" என்பார். முகவர்கள் பொதுவாக இப்படிப் பேசுவதில்லை.

நாட்டுக்கு யாருமே வராத அந்த நோய்க்காலத்தில் என் கணவரும் இறந்துவிட்டார். கடை பூட்டிக் கிடந்தது. பத்திரம் இருக்கிறதே, ஏதாவது கிடைக்காதா என்று நான் நப்பாசையோடு இருந்தேன். நானா முகக்கவசத்தோடு வந்து தூரத்தில் நின்றார். "சனம் வராததுக்கு இந்தக் காகிதத்துல ஒன்னும் இல்ல. ஈக்குதுன்னு சொல்லி உங்கள அலைய விட மாட்டேன்" என்றார். எனக்கு அழுகை வந்தது. அவர் போகவில்லை. கொஞ்ச நேரம் குடையால் மண்ணைக் கீறிக்கொண்டு நின்றுவிட்டு, "வெள்ளக்காரன் வரல்லன்னா லாரிக்காரனுக்குப் பசிக்காதா?" என்று கேட்டார். அடுத்த வாரத்திலிருந்து நானும் சமையல்கார அக்காவும் தம்புள்ளை மரக்கறிச் சந்தைக்கு வரும் லாரிக்காரர்களுக்குச் சோற்றுப் பார்சல் கட்டினோம். அந்தப் பார்சல்தான் என் மகளைக் கண்டியில் ஹோட்டல் படிப்புப் படிக்க வைத்தது.

இனி அந்த உறையைப் பற்றி. நானா வந்து போய் இரண்டு வாரத்தில், புதிய பத்திரத்தை அவரே உறையிலிட்டுத் தபாலில் அனுப்புவார். முதல் வருடம் வந்தபோது என் கணவர் அதைப் பிரிக்கவில்லை. மூலையில் மஞ்சளைத் தொட்டு வைத்து, அம்மன் படத்துக்குப் பின்னால் செருகினார். "இதப் பிரிக்கிற நாள் நமக்கு வரக்கூடாது" என்றார். அந்தச் சீசன் நல்லபடியாகப் போனது. அதனால் அடுத்த வருடமும் அப்படியே. புதிய உறை வரும்போது பழையது பிரிக்கப்படாமலே பெட்டிக்குப் போகும். பதினொரு வருடம். படித்தவள், பிள்ளைகளுக்கு 'எதையும் வாசித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடு' என்று சொல்லிக் கொடுத்தவள், நானும் அதைப் பிரிக்கப் பயந்தேன். கணவர் போன பிறகு அந்தப் பயம் கூடிவிட்டது. நானாவிடம் இதை ஒருநாளும் சொன்னதில்லை. சொல்ல வெட்கம்.

மகள் படித்து முடித்து வந்ததும் கடையைச் சுற்றிப் பார்த்து, "அம்மா, ரோட்டில எல்லாரும் சோறு விக்கிறாங்க. நாம சமைக்கப் பழக்குறத விப்போம்" என்றாள். கடையின் பக்கவாட்டில் இலுக்குப் புல் வேய்ந்து ஒரு குடில் கட்டினாள். நடுவில் களிமண் அடுப்பு. வெள்ளைக்காரர் அங்கே குந்தியிருந்து தேங்காய் துருவ வேண்டும், அம்மியில் மிளகாய் அரைக்க வேண்டும், தாங்கள் சமைத்ததைத் தாங்களே சாப்பிட வேண்டும். புகைக்குக் கண் கலங்கினாலும் அவர்கள் சிரிப்பார்கள். தகரம் போடலாமே என்று நான் கேட்டேன். "தகரத்த யாரு அம்மா படம் புடிப்பாங்க?" என்றாள். அதே நாட்களில் துபாயில் ஒரு ஹோட்டலில் இருந்தும் அவளுக்கு அழைப்பு வந்திருந்தது. இந்தச் சீசன் குடில் ஓடினால் இருப்பேன், இல்லாவிட்டால் போவேன் என்று சொல்லியிருந்தாள். அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். நான்தான் அதைக் கேட்ட நாளிலிருந்து சாதாரணமாக இல்லை.

இந்த வருடம் நானா வருகிறேன் என்று போன் செய்துவிட்டு வந்த அன்று மகள் மரக்கறி வாங்கத் தம்புள்ளைக்குப் போயிருந்தாள். புல்லுக்குக் கீழே திறந்த நெருப்பு என்றால் நானா வேண்டாம் என்று சொல்வார். அவர் சொன்னால் மகள் கேட்பாள். கேட்டால் குடில் இல்லை. குடில் இல்லையென்றால் மகள் இல்லை. என் யோசனை அவ்வளவுதான். அடுப்பில் இருந்த சாம்பலை அள்ளினேன். அதன்மேல் ஒரு பன்பாயை விரித்தேன். பாய்மேல் நாலைந்து தேங்காயையும் ஒரு சுளகையும் வைத்தேன். சமையல்கார அக்கா பார்த்துக்கொண்டு நின்றார்.

நானா வந்தார், கேள்வியைக் கேட்டார், நடந்தார். குடிலைக் கண்டதும் நின்று, "இது என்ன?" என்றார். "விருந்தாளிங்க உக்காந்து சாப்பிட, நானா" என்றேன். உள்ளே போனார். தலையை நிமிர்த்திப் புல்லைப் பார்த்தார். பாய்க்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றார். கையில் குடை இருந்தது. அதன் நுனியால் அந்தப் பாயை ஓர் அங்குலம் தள்ளியிருக்கலாம். தள்ளவில்லை. படத்தில் குடில் இருக்கும் இடத்தில் ஒரு சின்ன வட்டம் போட்டார். வெளியே வந்து பிளேன்டீயைக் கையில் எடுத்தார். நான் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாதிக்குமேல் மீதி வைத்துவிட்டு எழும்பினார். "சொல்லுங்க நானா, எது?" என்று கேட்க என் கணவர் இல்லை. நான் கேட்கவில்லை.

ஆவணியில் இந்தப் பக்கம் ஒரு காற்று அடிக்கும். மட்டக்களப்பில் அதைக் கச்சான் என்பார்கள். ஈரமில்லாத, பகலில் எழும்பும் காற்று. அன்று காலையிலிருந்தே மரங்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டிருந்தன. குடிலில் மகளோடு ஒரு வெள்ளைக்காரக் குடும்பம், தாய் தகப்பன் இரண்டு பெண் பிள்ளைகள். பொறி எப்போது ஏறியதென்று யாருக்கும் தெரியாது. அக்கா கத்தியபோது கூரையின் ஒரு பக்கம் ஏற்கெனவே இல்லை. மகள் அவர்களைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். சின்னவளைக் காணவில்லை. அந்தப் பிள்ளையை அவர்களுடைய வேன் டிரைவர் முதலே தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடியிருந்தார். அது மகளுக்குத் தெரியாது. அவள் திரும்ப உள்ளே போனாள்.

நான் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேனாம். பக்கத்துத் திரீவீல் ஸ்டாண்டில் இருந்தவர்கள் சொன்னார்கள். எனக்கு நினைவில்லை. அவர்கள்தான் வாளியோடு ஓடிவந்தார்கள். ஒருவர் அவளை இழுத்து வெளியே போட்டார். அக்கா கேஸ் சிலிண்டர் இரண்டின் வால்வையும் பூட்டி, கிணற்றுப் பக்கம் உருட்டிவிட்டார். காற்று நெருப்பைக் கடைக் கூரைக்குக் கொண்டுபோனது. சாப்பாட்டு மண்டபம் முழுவதும் போயிற்று. மகளின் இரண்டு கையும் முழங்கை வரை வெந்திருந்தன. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் அவள் கேட்டது ஒன்றுதான். "அந்தப் புள்ள எங்க அம்மா?"

இன்னும் எங்காவது விறகுப் புகை மணத்தால் என் கால் தானாக நின்றுவிடுகிறது.

ஒன்பதாம் நாள் கொம்பனியிலிருந்து மதிப்பீட்டாளர் ஒருவர் வந்தார். நடுவயது, பண்பான மனிதர், சிங்களத்தில் மெதுவாகப் பேசினார். பத்திரத்தைக் கேட்டார். நான் படத்துக்குப் பின்னால் இருந்த உறையை எடுத்துக்கொண்டு வந்தேன். அது இன்னும் ஒட்டியிருப்பதைப் பார்த்து அவர் என்னைப் பார்த்தார். அவர் முன்னாலேயே கிழித்தேன். பத்திரத்தோடு ஒரு துண்டுத் தாளும் வந்து என் மடியில் விழுந்தது. கொப்பித் தாள். நானாவின் கையெழுத்து. மதிப்பீட்டாளர் பத்திரத்தைப் புரட்டிக்கொண்டிருக்கும்போது நான் அதை வாசித்தேன்.

'தங்கச்சிக்கு, பாய்க்குக் கீழே அடுப்பைக் கண்டேன். சமையல் அக்காவுக்கு முன்னால் கேட்டால் உங்களுக்கு ஒரு மாதிரி இருக்கும் என்று கேட்கவில்லை. காற்று எழும்புவதற்கு முன்னம் அதை எடுத்து, கிணற்றடிப் பக்கம் தகரத்துக்குக் கீழே வையுங்கள். வைத்ததும் ஒரு போன் கோல் எடுங்கள், படத்தில் சேர்க்கிறேன். அதுவரைக்கும் காப்புறுதி ஃபோமில் அடுப்பு இல்லை என்றுதான் போட்டிருக்கிறேன்.'

இரண்டு மாதம். அந்தத் தாள் இரண்டு மாதம் என் தலைமாட்டுச் சுவரில், மஞ்சள் பொட்டோடு, நான் தினமும் கும்பிட்ட படத்துக்குப் பின்னால் இருந்திருக்கிறது. அடுப்பை நகர்த்த அரை நாள் போதும்.

மதிப்பீட்டாளர் கேட்டார், முகவர் வந்தபோது அந்த அடுப்பு அங்கே இருந்ததா என்று. இருந்தது, நான்தான் பாயைப் போட்டு மூடி வைத்தேன் என்றேன். அவர் எழுதுவதை நிறுத்தினார். அப்படியானால் கொம்பனி கையை விரிக்கக்கூடும் என்று வருத்தத்தோடு சொன்னார். பிறகு, முகவர் அதைக் கண்டாரா என்று கேட்டார். அவர் கண்டும் எழுதாமல் விட்டிருந்தால் அது கொம்பனியின் ஆள் செய்த பிழை, உங்கள் பக்கம் வலுவாக இருக்கும் என்றும் விளக்கினார். துண்டுத் தாள் என் கைக்குள் இருந்தது. அதை நீட்டினால் மண்டபம் திரும்ப எழும்பும், மார்கழிக்கு முன்னால் கடை திறக்கும், மகள் இருப்பாள். அதை நீட்டினால் நானாவின் வேலை போகும், முப்பது வருடத்துப் பெயரும் போகும்.

"எனக்குத் தெரியாது" என்றேன்.

அதைச் சொன்னதில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை. ஒரு பொய்க்குப் பிறகு இன்னொரு பொய். இரண்டும் யாரோ ஒருவரை விடாமல் பிடித்துவைக்கச் சொன்னவை.

அன்று பின்னேரம் மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன், பாயையும் தாளையும். கட்டுப் போட்ட கைகளை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் நான் சோறு ஊட்டும்போது சொன்னாள்: "என்கிட்ட கேட்டிருந்தா, போகமாட்டேன்னு சொல்லியிருப்பேனான்னு தெரியல அம்மா. ஆனா அடுப்ப நகர்த்தியிருப்பேன்." பிறகு வாயைத் திறந்தாள், அடுத்த கவளத்துக்கு. தாளை யாருக்கும் காட்டாதது சரியா என்று கேட்டேன். "மாமா நம்மள நம்பித்தானே எழுதினாரு" என்றாள். நானாவை அவள் மாமா என்றுதான் கூப்பிடுவாள். துபாய்க்காரர்களுக்கு இன்னும் பதில் போடவில்லை என்று மட்டும் எனக்குத் தெரியும்.

இருபத்து மூன்றாம் நாள் காலை பத்து மணி போல ஒரு திரீவீல் வந்து நின்றது. கறுப்புக் குடை முதலில் வெளியே வந்தது. நானா. மெலிந்திருந்தார். வாசலில் நின்று அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. கருகிய மண்டபத்தைச் சுற்றி, எப்போதும் போல, அவசரமில்லாமல் நடந்தார். குடில் இருந்த இடத்தில் அடுப்பு மட்டும் அப்படியே இருந்தது. களிமண் நெருப்பில் இன்னும் இறுகியிருந்தது. அதற்குப் பக்கத்தில் நின்றார். பிறகு வந்து உட்கார்ந்தார். மகள் இரண்டு உள்ளங்கையிலும் தட்டைத் தாங்கிப் பிளேன்டீ கொண்டுவந்தாள். அவர் அவள் கைகளைப் பார்த்தார். "வலிக்குதா மகள்?" என்று கேட்டார். "இப்ப அரிக்கிதுதான் மாமா" என்றாள். கருப்பட்டி இல்லாமலே குடித்தார். கோப்பையைக் கவிழ்த்துக் காட்டுவதுபோல முழுவதையும் குடித்தார்.

நான் உறையைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தேன். உள்ளே பத்திரமும் அந்தத் துண்டும்.

"கோல் வரல்ல. உங்களுக்குக் கோவமாக்கும்னு நெனச்சி நானும் எடுக்கல்ல" என்றார்.

கோவமில்லை, நாங்கள் பிரிப்பதே இல்லை என்று சொன்னேன். மஞ்சள் பொட்டின் கதையைச் சொன்னேன். அவர் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பொட்டின் மேல் பெருவிரலை வைத்துத் தேய்த்தார்.

"பதினொரு வருஷமுமா?"

"பதினொரு வருஷமும், நானா."

சிரிக்கப் பார்த்தார். வரவில்லை. துண்டுத் தாளை எடுத்து, வாசிக்காமல், நான்காக மடித்துத் திரும்ப உறைக்குள்ளேயே வைத்தார்.

"இத ஒளிச்சி வெக்காதீங்க. நேத்து கொம்பனிக்குப் போய் நானே எழுதிக் குடுத்துட்டேன். அடுப்பக் கண்டேன், கண்டும் இல்லன்னு போட்டேன்னு. உங்களுக்குக் கெடைக்குமா, எனக்கு என்ன செய்வாங்க, அது அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்."

"மூடி வச்சது நான்தானே நானா" என்றேன்.

அவர் குடையை எடுத்துக்கொண்டு எழும்பினார். மறுபடி அந்த அடுப்பு இருந்த பக்கம் பார்த்தார்.

"நீங்க மூடினது உங்க புள்ளைக்காக. எத்தன வீட்டுல கட்டில், அலுமாரி எல்லாம் நகத்திப் பாத்த கை தங்கச்சி இது. அன்னைக்கு ஒரு பாயத் தூக்க வெக்கப்பட்டுச்சு."